கட்டிலுக்கு அடியில் தள்ளிய செருப்பு

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு வெளிக்கிட்ட ஒரு மனிதர் சைக்கிளால் விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அவர் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அவர் பூசிய அத்தர் உள்ளே வந்துவிட்டது. மூலைக் கட்டிலில் தலையிடியோடு கிடந்த பெண் முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். நான் அந்த மனிதரை மெல்ல மற்ற அறைக்கு அனுப்பினேன். அனுப்பும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நீயாக இருந்தால் மெல்ல அனுப்பியிருக்க மாட்டாய்.

"காக்கா, நீங்க மணக்கிறது சொர்க்கத்து மணம்தான். ஆனா இந்தப் புள்ளைட மண்டைக்குள்ள அது நரகம். அங்கால போய் இருங்க" என்று இப்படி ஒரு மூத்தவரை நீ விரட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அவரும் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டே போனார். நீ எதைச் சொன்னாலும் ஆட்கள் கோபிக்காமல் இருந்தது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் பணிப்பாளரின் அறைக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

அத்தர் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சாப்பாட்டு நேரம். உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் இங்கே ஒன்றாக வைத்தியம் பார்த்த அந்தக் காலத்தில், எங்கள் பிரிவில் ஒற்றைத் தலையிடிக்காரர்களுக்கு மதிப்பே இல்லை. இரத்தம் வராது, எலும்பு முறியாது, எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. கல்முனைச் சந்தியில் மோதிக்கொண்ட முச்சக்கரவண்டிக்காரரும் வயலில் பாம்பு கடித்தவரும் வரும் இடத்தில், தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். தலைக்கு மேலே டியூப் லைட், பக்கத்தில் அழும் பிள்ளை, எதிரே வாந்தி. கடைசியில் அவர்களுடைய முறை வரும்போது டிரமடோல் என்ற நோவு ஊசியைப் போடுவோம். அது தூங்க வைக்கும், சிலரை இன்னும் அதிகமாக வாந்தி எடுக்கவும் வைக்கும். பொழுது சாயும்போது தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் அதே தலையோடு திரும்பி வருவார்கள்.

மாவடிப்பள்ளியில் இருந்து அடிக்கடி வந்த, நாம் ராத்தா என்று கூப்பிட்ட ஒரு அக்காவுக்கு எங்கள் ஆட்கள் 'ஊசிக்காரி' என்று பட்டம் வைத்திருந்தார்கள். மயக்கத்துக்கு ஆசைப்பட்டு வருகிறாள் என்று கதைத்தார்கள். வீட்டிலோ வேறு கதை. வயலில் வெள்ளாண்மை வெட்டுக் காலத்தில் ஆட்களுக்குச் சமைக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் நடிக்கிறாள் என்று மாமியார் சொன்னாராம். நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கடைசியில் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டவும் தொடங்கிவிட்டார்கள். இதையெல்லாம் அந்த ராத்தா உன்னிடம் மட்டும்தான் சொன்னார். நீ வெளியே வந்து, மருந்துத் தட்டை மேசையில் படாரென்று வைத்தாய். "இனி இங்க ஆராவது ஊசிக்காரி எண்டு சொன்னா, நானும் ஊசிக்காரிதான். எனக்கும் சேத்துச் சொல்லுங்க" என்றாய்.

உண்மைதானே. பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சை எழுதும்போதே உனக்கு அந்த வியாதி இருந்தது. ஒரு பக்கக் கண் மட்டும் சிவந்து, வினாத்தாளின் பாதி எழுத்துகள் மின்னி மறையும் என்று சொல்வாய். அப்படியும் என்னைவிடக் கூடுதலாக மதிப்பெண் எடுத்தாய் என்பதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வாந்தியை நிறுத்துவதற்கு நாங்கள் எல்லோருக்கும் போடுகிற மெட்டோகுளோபிரமைட் ஒற்றைத் தலையிடியையே நிறுத்தக்கூடியது என்று புத்தகங்களில் இருந்தது. டிரமடோல் மாதிரியான தூக்க ஊசியைத் தவிர்க்கச் சொல்லியும் இருந்தது. நீ அதை எங்கள் வைத்திய நிபுணரிடம் கொண்டுபோனாய். அவர் நல்ல மனிதர், ஆனால் லேசில் அசையாதவர். "புத்தகம் சரி. எங்கட சனத்தில, எங்கட இடத்தில காட்டுங்க. ரெண்டு ஊசியையும் ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா மாத்துவம். தெரியாட்டி இந்தக் கதைய விட்டிரணும்" என்றார். அந்த வருடக் கடைசியில் அவருக்கு இடமாற்றம். அவர் போன பிறகு யார் வருவார், உன் பேச்சைக் கேட்பாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே அவர் போவதற்கு முன்பு வென்றால்தான் உண்டு.

வெளிக்கிட்டோம். அனுமதிகள் வாங்கினோம். மருந்தாளர் இரண்டு மருந்துகளையும் ஒரே மாதிரிச் சின்னச் சேலைன் பைகளில் கலந்து, குறியீடு மட்டும் போட்டுத் தந்தார். எந்தப் பையில் எது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கட்டிலில் கிடப்பவருக்கும் தெரியாது. வேகமாக ஏற்றினால் வாந்தியை நிறுத்தும் ஊசி சிலரை இருப்புக்கொள்ளாமல் ஆக்கிவிடும் என்பதால் எல்லாவற்றையும் மெதுவாகவே ஏற்ற வேண்டும் என்று நீ கட்டிலுக்குக் கட்டில் நின்று பார்த்தாய். திடீரென இடி விழுந்ததுபோல் தலையிடித்தவர்களையும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தவர்களையும் சேர்க்கவில்லை. அது வேறு ஆபத்தாக இருக்கலாம், அவர்களுடைய வழி வேறு. சேர்ந்தவர்களிடம் ஊசிக்கு முன்னும், ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னும் நோவு எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். பூச்சியத்தில் இருந்து பத்து வரை.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

"இப்ப நோவு எப்பிடி உம்மா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"அது சரி உம்மா. பத்துக்கு எத்தின?"

"அல்ஹம்துலில்லாஹ், சுகம் மகள். அல்லாஹ் உங்களுக்கு ஆயுசத் தரணும்."

ஒரு பெரியவர், "பாஸாகிறதுக்கு எத்தின வேணும் டொக்டர்? அதப் போடுங்க" என்றார். பாண்டிருப்பில் இருந்து வந்த மீன்காரம்மா, எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்கிற அந்த அல்ஹம்துலில்லாஹ்வைச் சொல்லவில்லை, ஆனால் "கடவுள் புண்ணியத்தில பரவாயில்ல" என்று அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். தாதிமாரும் நம்மவர்கள்தானே. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் 'நோவு குறைந்தது' என்ற பெட்டியில் புள்ளடி போட்டார்கள்.

பாதி ஒப்பீட்டில் வைத்திய நிபுணர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். குறியீடு இன்னும் திறக்கவில்லை, ஆனால் திறக்கத் தேவையே இல்லை. எல்லோரும் சுகம். அந்தப் பையும் சுகம், இந்தப் பையும் சுகம். "இதில வித்தியாசம் எங்கால வரும்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். நீ அதே தாள்களை மறுபடி முதலில் இருந்து புரட்டத் தொடங்கினாய். 

அந்தக் கிழமையே உனக்கும் அந்தத் தலையிடி வந்துவிட்டது. பகல் முழுக்க வெயில், நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு காயத்துக்குத் தையல் போட்டு முடித்த கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாய். நீ ஒப்பீட்டில் சேர முடியாது என்பதால் வழமையான தூக்க ஊசியைத்தான் போட்டார்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத் தாதி வந்து எப்படி என்று கேட்டாள். கண்ணைத் திறக்காமலே "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்ல" என்றாய்.

பிறகு பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் போனோம். நம் ஓய்வறையில் நான் தொழும் விரிப்பான முஸல்லாவை விரித்தேன். நீ விரிக்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, அதில் இருந்தபடி தொழுதாய்.

"என்னத்துக்குடி கதிரையில?"

"குனிஞ்சா மண்டை கழண்டு விழுந்திரும் புள்ள. நெத்திய நிலத்தில வச்சு ஸுஜூது செய்ய ஏலாது."

"இப்பதானே பரவாயில்ல எண்டு சொன்ன?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். ஒரு கண் சிவந்து, தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணோடு நீ சிரிக்கத் தொடங்கினாய். சிரித்ததில் நோவு கூடி, தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாய், ஆனாலும் சிரிப்பை நிறுத்தவில்லை.

"அடியே, நானே சொல்லிட்டன். நானே! டொக்டர், இந்த ஒப்பீட்டுக்குச் சொந்தக்காரி, நானே அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லிட்டன்."

"அப்ப எல்லாரும் பொய்யா சொன்ன?"

"பொய் இல்ல புள்ள. பொய்யே இல்ல. அது நோவுக்குச் சொல்ற பதில் இல்ல, படைச்ச ரப்புக்குச் சொல்ற பதில். நாம கேட்டது ஒண்டு, அவங்க பதில் சொன்னது வேற ஆளுக்கு."

இத்தனை வருட வைத்தியத்தில் நான் கேட்ட மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான். அது பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வந்தது. நாவு எந்த நிலையிலும் நன்றி சொல்லும். அது நம் பழக்கம், நல்ல பழக்கம். நெற்றிக்கு அந்தப் பழக்கம் இல்லை. குனிய முடிந்தால் குனியும், முடியாவிட்டால் கதிரை கேட்கும்.

மறுநாளே நீ புதிய கேள்வியோடு வந்தாய். "இப்ப நிண்டு தொழுவீங்களா, கதிரையில இருந்து தொழுவீங்களா?" தொழுகை விசயத்தில் யாரும் மரியாதைக்குப் பதில் சொல்ல மாட்டார்கள் என்றாய். எனக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. ஒரு நாள் சும்மா கேட்டுப் பார்த்தோம். முதலில் கேட்ட இளம்பெண் முகம் சிவந்து கூரையைப் பார்த்தாள். அடுத்தவள் முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டாள். மூன்றாமவள் உன் காதில் என்னவோ சொன்னாள். நீ நெற்றியில் அடித்துக்கொண்டாய்.

"நம்மளப்போல மொக்கு ஆக்கள் இந்த ஊரில இல்ல. இந்தத் தலையிடி ஆகக் கூடுதலா வாறதே மாசா மாசம் வாற அந்த நாளிலதான். தொழுகை இல்லாத நாளில வந்து கிடக்கிற புள்ளையிட்ட, நிண்டு தொழுவியா எண்டு கேட்டா அவள் என்னத்தச் சொல்லுவா?"

இரண்டு பெண்கள், இரண்டு பேருமே வைத்தியர்கள், அதில் ஒருத்திக்கு அதே வியாதி. ஆனாலும் அது எங்களுக்கு முன்கூட்டியே தோன்றவில்லை. நாம் அன்று சிரித்த சிரிப்பில் தலைமைத் தாதியான பெரிய மிஸி வந்து, நோயாளிகள் இருக்கும் இடம் என்று ஏசிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் செருப்பு வந்தது. கட்டிலில் ஏறும்போது எல்லோரும் செருப்பைக் கழற்றுகிறார்கள். முஸ்லிமும் கழற்றுகிறார், தமிழரும் கழற்றுகிறார், அந்த நாளில் வந்தவளும் கழற்றுகிறாள். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது தாதி அதைக் கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்துப் போய், எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூடாது. "எழும்பி, செருப்ப எடுத்துப் போட்டு, வாசல் மட்டும் நடந்துட்டு வாங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். குனிந்து எடுத்து, வெளிச்சத்துக்குப் போய், திரும்பி வந்தால் வென்றார்கள். பாதியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டால் இல்லை. அவ்வளவுதான்.

நான் பழைய தாள்களையும் இதோடு சேர்த்துவிடலாம் என்றேன். ஏனென்றால் வருடம் ஓடிக்கொண்டிருந்தது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. "பாதி வழியில கேள்விய மாத்திட்டு, பழைய பதிலையும் சேத்துக்கிட்டா அது களவு. முதல்ல இருந்து தொடங்குவம்" என்றாய். முதலில் இருந்தா என்று நான் கத்தினேன். ஓம் என்றாய். அவ்வளவு தாள்களையும் கட்டி அலுமாரியின் மேல் போட்டுவிட்டு வைத்திய நிபுணரின் அறைக்குப் போனோம்.

அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "செருப்பா? ஆராவது கேட்டா நான் என்ன சொல்ல? கல்முனைப் பக்கம் நோவ செருப்பால அளக்கிறம் எண்டா?"

"சேர், கோவிக்கப்படாது. உங்கட வீட்டில மேடத்துக்குத் தலையிடி மாறிட்டு எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அவங்க சொல்றத வச்சா, இல்லாட்டி எழும்பிக் குசினிக்குப் போறத வச்சா?"

நான் தரையைப் பார்த்தேன். நீ அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "அவ ஒருநாளும் நோகுது எண்டு சொன்னதே இல்ல" என்று தனக்குள் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, திருத்திய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். இடமாற்றத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் சொன்னார்.

மீண்டும் அனுமதி, மீண்டும் பைகள். நோன்பு மாதம் இடையில் வந்தது. சேலைன் ஏறினால் நோன்பு போய்விடும் என்று பகலில் ஒருவரும் கையை நீட்டவில்லை. நீ ஒருவரையும் வற்புறுத்தவும் விடவில்லை. பெருநாள் முடிந்ததும் ஆட்கள் வந்தார்கள். நாவிதன்வெளியில் இருந்தும் வந்தார்கள், கடற்கரையில் இருந்தும் வந்தார்கள். இந்த முறை தாள்கள் ஒன்றுபோல் இல்லை. சிலர் தூங்கி வழிந்து, எழுப்பினால் கையை உதறினார்கள். சிலர் சொன்னவுடன் குனிந்தார்கள். எந்தப் பை எது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய வேதனை. நீ நகத்தைக் கடித்தாய்.

மாவடிப்பள்ளி ராத்தாவும் வந்தார். வெட்டுக் காலம். வெயிலில் நின்று வந்த முகம், வாயில் வாந்தி மணம். கூட வந்த மாமியார் வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. பை ஏறி முடிந்து, நேரம் வந்ததும் நீதான் போய்ச் சொன்னாய். ராத்தா எழுந்தார், குனிந்தார், கையைக் கட்டிலுக்கு அடியில் விட்டுத் துழாவினார், இரண்டு செருப்பையும் எடுத்தார். போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், முற்றத்து வெயிலை நேரே பார்த்தார். மாமியார் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பி வந்து கட்டிலில் இருந்து அழுதார்.

"நோகுதா ராத்தா?" என்று நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"இல்ல மகள். தலைக்குள்ள சத்தமே இல்ல. இந்த ஊசிட பேர் என்ன? எனக்குப் பேர் தெரியணும். வீட்ட போய்ப் பேரோட சொல்லணும், எனக்கு மெய்யான வருத்தம், நடிப்பில்ல எண்டு."

எங்களுக்கே தெரியாது ராத்தா, தெரிந்ததும் உங்களுக்குத்தான் முதலில் சொல்வோம் என்றாய்.

குறியீடு திறந்த நாள் வைத்திய நிபுணர் தன் அறைச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மருந்தாளர் ஒவ்வொன்றாய் வாசிக்க, செருப்புப் போட்டு நடந்தவர்களின் தாள்களை நான் மேசையில் இரண்டாகப் பிரித்து வைத்தேன். இடப்பக்கம் வாந்தியை நிறுத்தும் ஊசி, வலப்பக்கம் தூக்க ஊசி. கணக்குப் போட்டுப் பார்ப்பதெல்லாம் பிறகு முறையாகச் செய்தோம். ஆனால் அன்று கணக்கே தேவைப்படவில்லை. இடப்பக்கக் கட்டு ஏறிக்கொண்டே போனது, வலப்பக்கம் ஏற மறுத்தது. மாவடிப்பள்ளி ராத்தாவின் தாளும் இடப்பக்கம்தான் விழுந்தது. நீ வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். 

வைத்திய நிபுணர் இரண்டு கட்டுகளையும் பார்த்தார். "சரி. நாளையில இருந்து மாத்துவம்."

"நாளைக்கு என்னத்துக்கு சேர்? வெளிய ரெண்டு பேர் தலையப் பிடிச்சிக்கிட்டு இருக்காங்க. இண்டைக்கே மாத்துவம்."

அவர் சிரித்துவிட்டார். பெட்டியில் வைத்த பேனையைத் திரும்ப எடுத்து உத்தரவை எழுதினார். வெளிச்சம் குறைந்த மூலையில் தலையிடிக்காரருக்கு ஒரு கட்டிலும், அதைச் சுற்றிக் கனமான திரையும் வேண்டும் என்பதையும் நீ அதே மூச்சில் எழுத வைத்தாய். அன்று பின்னேரம் முழுப் பிரிவுக்கும் உன் உம்மா அவித்த இனிப்பு வட்டிலப்பம் வந்தது. தோற்றால் என்ன செய்வாய், அதற்கும் வட்டிலப்பமா என்று கேட்டேன். "தோக்கிறதுக்கு அவிக்கச் சொல்லல்ல" என்றாய். ராத்தாவுக்கு நீயே தொலைபேசியில் ஊசியின் பெயரைச் சொன்னாய். அந்தப் பக்கத்தில் அவர் அதை எழுத்தெழுத்தாய்த் திருப்பிச் சொல்வது எனக்கும் கேட்டது. பிறகு அவரைத் தாய் வீட்டுக்கு அனுப்பும் கதையே எழவில்லை. அடுத்த தடவை அவரைக் கூட்டி வந்து, "என்ட மருமகளுக்கு அந்த ஊசியப் போடுங்க" என்று அதிகாரம் பண்ணியவர் அந்த மாமியார்தான்.

நீ போனது தலையால் அல்ல. ஆயுள் முழுக்கத் தலையோடு சண்டை பிடித்தாய், கணையத்தில் ஒரு நோய் சத்தமில்லாமல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அதில் இன்னும் கோபம்தான். கடைசியாகப் பார்க்க வந்தபோது எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ "அல்ஹம்துலில்லாஹ்" என்றாய், பிறகு கண்ணைச் சிமிட்டி, "இத எழுதிராத புள்ள" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். அறைக்கு வெளியே நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன மாதம் என் மகள் பல்கலைக்கழகத்தில் இருந்து அழுதுகொண்டு அழைத்தாள். அவளுக்கும் வந்துவிட்டது, உன்னைப்போலவே ஒரு பக்கம். நான் பஸ்ஸில் போய்ச் சேரும்போது தோழிகள் அவளை அந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நம் மாகாணம்கூட இல்லை. நான் வைத்தியர் என்று யாரிடமும் சொல்லவில்லை, ஒரு உம்மாவாகத்தான் பக்கத்தில் நின்றேன். மகளைத் திரை போட்ட மூலையில் படுக்க வைத்திருந்தார்கள். சின்னச் சேலைன் பை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. எழுத்தை வாசித்தேன், நம் மருந்துதான். அதற்கு நான் ஆச்சரியப்படவில்லை, புத்தகத்தில் இருப்பதுதானே. பிறகு ஒரு இளம் வைத்தியர் வந்தார், தமிழ் அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. மகளிடம் எப்படி என்று கேட்கவில்லை. காலால் அவளுடைய செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"எழும்புங்க தங்கச்சி. செருப்பு எடுங்க. கதவு வரைக்கும் போங்க, வாங்க."

என் மகள் குனிந்தாள். எடுத்தாள். போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குள் நடந்து போனாள்.

 இதை எங்கே பழகினீர்கள் என்று அந்த வைத்தியரிடம் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. உன் பெயர் அவருக்குத் தெரியாது. நம் ஊர் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்திருக்காது. நம்மிடம் இருந்து இடம் மாறிப் போன ஒருவர் யாருக்கோ சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி வந்திருக்க வேண்டும்.

"எங்க பழகினதா? அம்மா, எல்லா இடமும் இப்பிடித்தானே" என்றார்.

நான் உன்னிடம் இருந்து எடுத்துக்கொண்டது என்னவென்றால், யாராவது சுகம் என்று சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு, ஆனாலும் அந்த இடத்தை விட்டுப் போகாமல் அவர்கள் எழுந்து நிற்கும்வரை கூடவே நிற்பது. வீட்டிலும் அப்படித்தான் நிற்கிறேன், பிள்ளைகளுக்கு எரிச்சல். அது என்னோடு இருக்கட்டும். உனக்குத் தர என்னிடம் அந்த இளம் வைத்தியரின் வார்த்தைதான் இருக்கிறது. கேட்டியாடி? எல்லா இடமும் இப்பிடித்தானாம்.